மோந்து பார்க்காத நாற்பது நாள்

"ஊது."

அன்புராஜ் செருப்பைக் கழற்றுவதற்குள் சகாயராணி வாசற்படிக்கு வந்துவிடுகிறாள். அவன் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் ஐந்தடியை எட்டவில்லை. அதனால் அவள் மேல்படியில் நிற்பாள். அவன் கீழே மண்ணில் நின்று, முதுகை வளைத்து, முகத்தைக் கொண்டுவருவான். "ஹா" என்று ஒரு மூச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை மூன்று தவணையாக இழுப்பாள். முதல் இழுப்பில் பீடியும் டீயும் கழிந்துவிடும். இரண்டாவதில் மத்தியானச் சாப்பாடு. மூன்றாவதில் மிச்சம் நிற்பதுதான் அவளுக்கு வேண்டியது.

"பரோட்டா துன்னியா?"

"ரெண்டுதான்."

"சரி, உள்ள வா."

இது மூன்று வருடமாக நடக்கிறது. மழையிலும் நடக்கும், விருந்தாளி வந்து உட்கார்ந்திருந்தாலும் நடக்கும். மகள் ஜெயாவின் கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால், எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நடந்தது. பட்டு வேட்டியோடு பெண்ணின் அப்பா, பட்டுச்சேலையோடு நின்ற அம்மாவுக்கு முன்னால் குனிந்து ஊதியதை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் பார்த்தார்கள். இந்த ஊரில் இப்படி ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் போனார்கள்.

கடலூர் எல்லையில், முள்ளோடை செக்போஸ்ட்டில், போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி டிக்கியைத் திறந்து பாட்டில் தேடுவார்கள். தெருவில் சகாயராணிக்கு அந்தப் பெயர்தான். எதிர்வீட்டு அம்சவள்ளி வாசல் பெருக்கும் சாக்கில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி செக்போஸ்ட்டு, வண்டி பாஸா?" என்பாள்.

"பாஸுதான். உன் வூட்டு வண்டியயும் அனுப்பு, பாத்து வுடறன்."

அம்சவள்ளி அனுப்பமாட்டாள். அவள் புருஷன் முத்துசாமி டிராக்டர் ஓட்டுகிறவன். அனுப்பினால் என்ன வரும் என்பது தெருவுக்கே தெரியும்.

சகாயராணியின் மூக்கு சம்பளம் வாங்கும் மூக்கு. வில்லியனூர் பக்கம் ஓர் ஊதுபத்திக் கம்பெனிக்குக் காலையில் வேனில் போய்ச் சாயங்காலம் வேனில் வருகிறாள். எட்டு வருடம் பத்தி அடுக்கிப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவளை, சூப்பர்வைசர் மஞ்சுளா ஒருநாள் கலவைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டாள். புதிதாக வந்திறங்கிய மல்லிகை எண்ணெயைச் சுற்றி நின்று எல்லோரும் அருமை அருமை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த சகாயராணி தலையைத் தூக்காமல், "அதுல மண்ணெண்ண இருக்குது" என்றாளாம். இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கேன் வந்தாலும் முதலில் அவள் முன்னால்தான் திறக்க வேண்டும். ஒன்றை முகர்வாள். பிறகு தன் முழங்கை மடிப்பை ஒரு தரம் முகர்ந்து மூக்கைத் துடைத்துவிட்டதுபோல் ஆக்கிக்கொண்டு, அடுத்ததை முகர்வாள். காதுக்கும் கழுத்துக்கும் போட்டுக்கொண்டவள், மூக்குத்தி மட்டும் போட்டதில்லை. கேட்டால், "ஓட்ட போட்டா காத்து லீக்காவும்" என்று சிரிக்காமல் சொல்கிறாள்.

எதையும் அவள் அப்படியே ஒப்புக்கொள்வது கிடையாது. நல்லவாட்டிலிருந்து வரும் மீன்காரி செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினால், அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். பால் பாக்கெட்டின் தேதியைப் பக்கத்து வீட்டுப் பாக்கெட்டோடு வைத்துப் பார்ப்பாள். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பைக்கில் போனதைப் பார்த்த அன்றைக்கு நேரே கோயில் உபதேசியாரிடம் போய், "இவுரு நெஜமாவே சாமியாருதானா? பிஷப் வூட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

அன்புராஜ் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறான். தினமும் பதினொரு மணிக்கு ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன்.

"எங்க இருக்க?"

"கழனில."

"மிஷின ஓடவுடு, சத்தம் கேக்கட்டும்."

அவன் ஆக்சிலேட்டரை மிதிப்பான்.

"இது நின்னுனு ஓடற சத்தம். அறுக்கற சத்தத்தக் காட்டு."

இந்தச் சந்தேகம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. அன்புராஜ் பதினெட்டு வருடம் குடித்தவன். குடித்ததைவிட மறைத்ததில்தான் அவன் கெட்டிக்காரன். கொய்யா இலை மென்றான், ஏலக்காய் மென்றான், புதினா மென்றான். ஒருநாள் பற்பசையைப் பிதுக்கித் தின்றேவிட்டான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு வாசனை பதிவாகியிருக்கிறது. "கொய்யா எலயும் சாராயமும் சேந்தா, எச்சி தொட்டு அழிச்ச ஸ்லேட்டு மாரி அடிக்கும்" என்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் குடித்துவிட்டுத் தூங்கியவனை ஏற்றிக்கொண்டு மிஷின் தானாகவே வரப்பேறிப் போய் வாய்க்காலில் கவிழ்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தான். கட்டோடு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்க் குளத்துப் படியில் முழங்காலிட்டு, இனித் தொடமாட்டேன் என்று சொன்னான். பக்கத்தில் மெழுகுவத்தியோடு முழங்காலிட்டிருந்த சகாயராணி, அவன் சொல்லி முடித்த அந்த நொடியிலேயே சாய்ந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"மாதா மன்னிச்சிடும். மன்னிக்கறதுதான் அதோட வேல. வாயப் பாக்கறது யாரு? யாராச்சும் பாக்கணுமில்ல?"

மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பிராந்திக்கடை, ஒரு சாராயக்கடை. கோயில் அதற்கப்புறம்தான். இந்த வரிசையை அவள் யார் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருடத் தவக்காலம் ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது.

திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். புதுச் சாமியார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் அன்புராஜ் பொய் சொன்னதை, பீடியை மறைத்ததை, ஞாயிறு பூசையில் கொட்டாவி விட்டதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் பாவம்மா. உங்களோடது எப்ப வரும்?"

"எனக்கு இன்னா பாவம் இருக்குது சாமி? கம்பெனி, வூடு, கோயிலு."

"அவர நம்பறீங்களா?"

"நம்பறனே. மோந்து பாத்துட்டு நம்பறன்."

சாமியார் ஒருமுறை இருமினார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு, இந்த நாற்பது நாளும் கறிமீனை விடுவதற்குப் பதிலாக மோந்து பார்ப்பதை விடச் சொன்னார்.

"சாமி, கறி வுடறன். மீன் வுடறன். பூ வெக்கமாட்டன். டீகூட வேணாம். இத மட்டும் கேக்காதீங்க. நான் பாக்கலன்னா அந்தாளு பூடுவாரு."

"அவருக்குக் குடி எப்படியோ, உங்களுக்கு இது அப்படி. காலையில விடறேன்னு சொல்வீங்க, சாயங்காலம் ஆனா கால் தானா வாசலுக்குப் போகும். அவர் மூணு வருஷமாத் தாண்டறாரு. நீங்க நாப்பது நாள் தாண்டிப் பாருங்க."

வெளியே வரும்போது அவளுக்கு முதலில் தோன்றியது, இந்த யோசனையைச் சாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தது அன்புராஜாக இருக்குமோ என்பதுதான்.

புதன்கிழமை சாயங்காலம், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அன்புராஜ் வந்தான். கீழே நின்றான், குனிந்தான். "ஹா." சகாயராணி முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடி, சளி புடிச்சிருக்கா?"

"இல்ல. உள்ள போ."

"மூக்குக்கு இன்னா?"

"தவசு. ஈஸ்டர் வரைக்கும் பாக்கமாட்டன். சாமியாரு சொல்லிட்டாரு."

அவன் குனிந்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் நின்றான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகமோ, பிடித்துக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையை யாரோ விட்டுவிட்டதுபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான். செக்போஸ்ட்டை எடுத்ததற்கு லாரிக்காரன் ஏன் வருத்தப்பட வேண்டும்? அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிப் போனது.

மறுநாள் துணி துவைக்கும்போது அவன் சட்டை கைக்கு வந்தது. சாமியார் வாயைத்தான் சொன்னார், சட்டையைச் சொல்லவில்லையே என்று ஒரு எண்ணம். சட்டை மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. டீசல், வைக்கோல் தூசி, வேர்வை. வேறொன்றுமில்லை. மனசு ஆறியது. ஆறிய மனசு உடனே குத்தவும் செய்தது. அதற்கடுத்த நாளிலிருந்து அவன் துணியைக் குச்சியால் தூக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்ட பிறகுதான் கையால் தொட்டாள்.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருந்து வந்ததும் குளிப்பது அவள் வழக்கம். உடம்பில் ஏறிய சந்தனமும் தாழம்பூவும் போனால்தான் மூக்கு தெளியும். இப்போது அன்புராஜ் வந்து உள்ளே போகும் வரைக்கும் குளிப்பதில்லை. பத்து வகைப் பத்தி மணக்கும் சேலையோடு வாசலில் நிற்பாள். அவன் எதைக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வாசனையைத் தாண்டி எதுவும் வராது.

"இன்னா சகாயம், செக்போஸ்ட்ட எடுத்துட்டாங்களாமே?" என்றாள் அம்சவள்ளி. "கடலூர்க்காரன் பூரா இனிமே உன் வூட்டு வழியாதான் வருவான் பாரு."

"வரட்டும். உன் வூட்டுக்காரருக்குத் தொணைக்கு ஆள் ஆச்சு."

வாய் அப்படிச் சொன்னது. கண் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு ஓய்ந்ததும் கண்ணும் காதும் கூடுதல் நேரம் வேலை பார்க்கத் தொடங்கின. ஏன் இருபது நிமிஷம் தாமதம்? ஏன் ஏரிக்கரை வழியாக வந்தான்? வாசல் குழாயில் முகம் கழுவாமல் உள்ளே வராதவனாக எப்போது மாறினான்? செவ்வாய்க்கிழமை ஏன் பாடிக்கொண்டே வந்தான்? பதினொரு மணிப் போனும் மோந்து பார்ப்பதில்தான் சேர்த்தி என்று அவளுக்கே ஒருநாள் உறைத்தது. அதையும் விட்டாள். விட்ட மூன்றாம் நாள், கலவைக் கொட்டகையில் இருக்கும்போது அவள் போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மிஷின் ஓடும் சத்தம் மட்டும். அறுக்கிற சத்தம்தான். அரை நிமிஷம் கேட்டுவிட்டு அவளும் பேசாமல் வைத்தாள்.

"யாரு?" என்றாள் மஞ்சுளா.

"ராங் நம்பரு."

நாலாவது வாரத்து வெள்ளிக்கிழமை, அபிஷேகப்பாக்கத்தில் சாமிநாதன் என்பவரின் கழனியில் கடைசி அறுப்பு. கடைசித் துண்டு நிலம் அறுத்து மிஷின் வரப்பில் ஏறியதும் நிலத்துக்காரர் டிரைவர் தோளில் புதுத்துண்டு போடுவார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதற்கடியில் ஒரு பாட்டில். அந்தப் பக்கத்தில் பலருக்கும் இது வழக்கம். வேண்டாமென்றால் அவர் மனம் கோணும்; அடுத்த வருடம் வேறு மிஷினைக் கூப்பிடுவார். அதனால் அன்புராஜ் மூன்று வருடமாகப் பாட்டிலை வாங்கிக்கொண்டு களத்திலேயே யாருக்காவது கொடுத்துவிடுவான். அந்தச் சாயங்காலங்களில் மட்டும் சகாயராணி மூன்று தவணைக்குப் பதில் ஐந்து தவணை இழுப்பாள்.

அன்று ஆறு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். அரைநாள் லீவு போட்டு வந்து, தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவளை அம்சவள்ளி கேட்டில் நிறுத்தினாள். இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு நெல்லு ஏத்தப் போயிருந்தாரு. உன் ஆளு பாட்டில யாருக்கும் குடுக்கலியாம்டி. வண்டிப் பையில வெச்சினு மூணு மணிக்கே கெளம்பிட்டாராம்."

அபிஷேகப்பாக்கத்திலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேரம். அப்போது மணி ஐந்தரை.

சகாயராணி கோயிலுக்குப் போகவில்லை. திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் முதல் நிலை தொடங்கியது. வாய் அதற்குப் பதில் சொன்னது. மனசு பேரம் பேசியது. ஒரே ஒரு தரம். இன்றைக்கு மட்டும். வேண்டுமானால் ஈஸ்டருக்கு அப்புறம் நாலு நாள் சேர்த்து இருந்துவிடலாம். நாலு வாரம் இருந்தாயிற்றே, அது போதாதா? அவன் விழுந்துவிட்டால் இந்தத் தவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தப் பேச்சு அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. ஒரே ஒரு தரம், இன்றைக்கு மட்டும் என்று பதினெட்டு வருடம் அன்புராஜ் பேசியது இதே பேச்சுதான்.

மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவன் இறங்குவதற்கு முன்பே வாசனை இறங்கிவிட்டது. அவள் முகரவில்லை, காற்று கொண்டுவந்து கொடுத்தது. பிராந்தி. மலிவானது. ஈரம் காயாதது. இன்றைக்குப் பார்த்து உடம்பில் சந்தனமும் இல்லை, தாழம்பூவும் இல்லை.

அன்புராஜ் வந்து கீழே நின்றான். மஞ்சள் துண்டு தோளில். சட்டையின் முன்பக்கமும் வலது கையும் முழங்கை வரை நனைந்திருந்தன.

"வாய்க்கா மதகாண்ட உக்காந்திருந்தன்" என்றான். "ஏறக்கொறைய மூணு மணி நேரம்."

அவள் பார்வை அந்த ஈரக் கையில் நின்றது.

"யாருக்கும் குடுக்கத் தோணல. மூடியத் தெறந்துட்டன், சகாயம். நீ பாக்கமாட்டன்னு தெரியும். யாரும் பாக்கமாட்டாங்க. வாய்கிட்ட கொண்டாந்துட்டன்." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அவசர அவசரமா வாய்க்கால்ல கவுத்துட்டன். பாதி என் மேலயே ஊத்திக்கினன்."

எதிர்வீட்டில் அம்சவள்ளியின் விளக்குமாறு நின்றுவிட்டது.

"நம்பல, இல்ல?"

சகாயராணியின் கண் அவன் கண்ணைப் பார்த்தது. சிவந்திருந்தது. வெயிலாலும் சிவக்கும், அழுதாலும் சிவக்கும், அதனாலும் சிவக்கும்.

"சட்டையிலதான் நாத்தம். வாயில இல்ல. இன்னிக்கி ஒரு நாளு பாரு. உன் சாமியாருகிட்ட நான் சொல்லிக்கறன். மூணு வருசமா ஒண்ணுமில்லாதப்பல்லாம் மோந்து பாத்த. இன்னிக்கி நான் ஜெயிச்சினு வந்துகிறன். அத யாராச்சும் பாக்கணுமில்ல?"

அவள் மேல்படியில் எழுந்து நின்றாள். அவன் எப்போதும்போல முதுகை வளைத்து முகத்தைக் கொண்டுவந்தான். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சட்டையின் நாற்றம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிடந்தது. அதற்குள் புகுந்து வாயின் வாசனையைத் தனியே பிரித்தெடுக்க இந்தக் கம்யூன் பஞ்சாயத்திலேயே ஒரு மூக்கால்தான் முடியும். மூன்று தவணைகூட வேண்டாம். ஒன்று போதும். ஒலிபெருக்கியில் அடுத்த நிலைக்குப் பாட்டு எடுத்தார்கள்.

"ஹா" என்று ஊதினான் அன்புராஜ்.

சகாயராணி இடது கையின் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயையும் மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது. படியில் ஓரமாக ஒதுங்கி, வலது கையால் கதவை அவனுக்காக விரியத் திறந்துவிட்டாள். அவன் கால் கழுவி, அவளைக் கடந்து, உள்ளே போய் விளக்கைப் போடும்வரை அந்த விரல்கள் மூக்கை விட்டு எழவில்லை.